கார்பன் கணக்குப்பிள்ளை

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கும் "தம்பி எங்க வேலை பாக்குறாப்ல?" என்ற கேள்விக்கு, பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியாத ஒரே ஆள் சஸ்டெய்னபிலிட்டி கன்சல்டன்ட்தான்.

"கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை சொல்றேன் மாமா" என்று நம்மவர் ஆரம்பிப்பார்.

"ஓ, பொல்யூஷன் போர்டா?"

"இல்ல மாமா, பிரைவேட்."

"பிரைவேட்டா இருந்தா என்ன, உள்ள ஆள் தெரியும்ல? நம்ம மச்சினன் ரைஸ் மில்லுக்கு கன்சென்ட் ரினியூவல் ரொம்ப நாளா நிக்குது. ஒரு வார்த்தை சொல்லி வையேன்."

பூமியைக் காப்பாற்றும் தொழிலைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கும் முயற்சியை நம்மவர் அன்றோடு கைவிட்டுவிட்டார். அம்மா அதற்கும் முன்பே விட்டுவிட்டாள். யார் கேட்டாலும் "ஐ.டி.ல இருக்கான்" என்பாள். பெண் வீட்டாரிடம் அதுதான் செல்லுபடியாகும்.

இந்தத் தொழிலுக்கு இரண்டு ரகமான ஆட்கள் வந்து சேர்கிறார்கள். முதலாவது எக்செல் ரகம். கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, ஏதோ ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்த்து, மூக்கு முழுசாக மரத்துப்போவதற்குள் தப்பி வந்தவர்கள். இரண்டாவது பவர்பாயின்ட் ரகம். நாளிதழில் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள். அன்று "ஏரியைக் காணோம்" என்று எழுதியவர், இன்று அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடிக்கு "நீர்நிலைகளின் மடியில் நிம்மதி வாழ்வு" என்று விளம்பரம் எழுதித் தருகிறார். இரண்டு வாக்கியத்திலும் பொய் கிடையாது. மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் இரண்டாவதும் உண்மை என்று தெரியும்.

பூமி சூடாகிறது என்பதற்காக இவர்களுக்குக் கிராக்கி வந்துவிடவில்லை. அது பாட்டுக்குப் பல காலமாகச் சூடாகிக்கொண்டுதான் இருந்தது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி சுற்றறிக்கை விட்டது, கிராக்கி வந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட கம்பெனிகள், 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை பற்றிய அறிக்கையைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021 மே மாதம் சொல்லிவிட்டார்கள். ஒன்பது நெறிகள், அவற்றில் ஆறாவது சுற்றுச்சூழல். ஒவ்வொரு நெறிக்கும் இரண்டு வகைக் கேள்விகள். 'அத்தியாவசியம்' என்ற தலைப்பில் வருபவற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பில் வருபவை விருப்பமிருந்தால் போதும். நம் கம்பெனிகளை நன்றாக அறிந்த யாரோ ஒருவர்தான் இந்தப் படிவத்தைத் தயாரித்திருக்க வேண்டும்.

கம்பெனியின் கார்பனைக் கணக்கெழுத நம்மவரின் மூலமந்திரம் மூன்று. ஸ்கோப் ஒன்று, கம்பெனி தானே எரிப்பது: பாய்லர், ஜெனரேட்டர், எம்.டி.யின் கார். ஸ்கோப் இரண்டு, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஸ்கோப் மூன்று, மிச்சமுள்ள பிரபஞ்சம். அதில் மட்டும் 15 பிரிவுகள். சட்டைக் கம்பெனி என்றால் பஞ்சு விற்றவர், நூல் நூற்றவர், லாரி ஓட்டியவர், சட்டையை வாங்கிப்போய் வெந்நீரில் துவைக்கும் ஜெர்மனிக்காரர் என்று எல்லோர் கணக்கையும் நம்மவர்தான் எழுத வேண்டும். ஊழியர்கள் வேலைக்கு வந்து போவதும் அதில் ஒரு பிரிவு. "நீங்கள் அலுவலகத்துக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று எல்லோருக்கும் படிவம் அனுப்புவார். "தாமதமாக" என்று ஒருவர் பதில் எழுதியிருப்பார். சராசரி போட்டு அதையும் டன்னாக மாற்றிவிடுவார்.

எழுத்துப் பக்கத்திலும் வேலை முன்போல் சுலபமில்லை. ஷாம்பு பாட்டிலில் ஓர் இலை வரைந்து 'இயற்கைக்கு உகந்தது' என்று போட்டுவிட்டுப் போன காலம் மலையேறிவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது. 'பசுமை', 'இயற்கை', 'சூழலுக்கு இணக்கம்' போன்ற சொற்களைப் போட்டால் எதனால், எவ்வளவு என்று விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும். அன்றிலிருந்து நம்மவர் வேறு வழியைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி இப்போது பசுமையாக 'இருப்பதில்லை', பசுமையை நோக்கிப் 'பயணிக்கிறது'. போய்ச் சேர்ந்ததற்குத்தானே ஆதாரம் கேட்பார்கள்? பயணத்துக்குக் கேட்க மாட்டார்கள் என்பது நம்மவரின் நம்பிக்கை. ஊர் எது என்று யாராவது வற்புறுத்தினால், இந்தியாவுக்கே நெட் ஜீரோ 2070-இல்தான் என்பார். அப்போது கேட்டவரும் இருக்கப்போவதில்லை, சொன்னவரும் இருக்கப்போவதில்லை.

தொழிலுக்கேற்ற வேஷமும் உண்டு. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், மூங்கில் பேனா, கசங்கிய கைத்தறிச் சட்டை. மாநாடுகள் நட்சத்திர ஓட்டலில் நடக்கும். புவி வெப்பமாதல் பற்றிய அமர்வில் ஏ.சி. குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேடையில் போர்த்திய சால்வைதான். திரும்பும்போது கையில் ஒரு துணிப்பை. சாதாரணப் பருத்திப் பை ஒன்று எல்லாச் சுற்றுச்சூழல் பாதிப்பிலும் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால் அதை 7,100 தடவை பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் கணக்கிட்டது. தினமும் ஒரு தடவை காய்கறிக் கடைக்குப் போனால் பத்தொன்பதரை ஆண்டு. நம்மவர் வீட்டுப் பீரோவில் இருக்கும் பைகளுக்கு அவருடைய பேரன் பேத்திகள் முழுநேரமாகக் கத்திரிக்காய் வாங்கினாலும் கணக்கு நேராகாது. இந்த ஆய்வு அவருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பேசப் போன இடத்தில்தான் கடைசிப் பையைக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் சென்னைக்குள்தான். ஐரோப்பாவில் உள்ள சட்டைக் கம்பெனி தன் ஸ்கோப் மூன்றைத் தேடிக் கிளம்பினால், அது திருப்பூரில் வந்து நிற்கும். நம்மவரும் கோவை இன்டர்சிட்டியில் ஏறுவார்.

சாயப்பட்டறை முதலாளி இளநீர் கொடுத்து உட்காரவைத்தார். நொய்யல் ஆற்றை நாசமாக்கியதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து கதையை ஆரம்பித்தார். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்கள் மட்டும்தான் மறுபடி ஓட்ட முடிந்தது.

"ஏனுங்க தம்பி, தண்ணிய வெளிய உடாதேன்னாங்க. உடறதில்லீங்க. அந்த உப்புத்தண்ணிய வத்தவெக்க ராப்பகலா பாய்லர் ஓட்டோணும். இப்ப நீங்க வந்து கரண்டு ஜாஸ்தி, பொகை ஜாஸ்திங்கறீங்க. தண்ணிக்காரரும் பொகைக்காரரும் ஒருக்கா உக்காந்து பேசி ஒரு முடிவச் சொல்லுங்க."

"பாய்லருக்கு என்ன எரிக்கறீங்க?"

"வெறகுதானுங்க."

நம்மவர் முகம் மலர்ந்தது. "அப்ப கவலை இல்லீங்க. விறகிலிருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடை மூணு ஸ்கோப்லயும் சேர்க்காம, தனியாத்தான் காட்டணும். உலகம் பூரா அதுதான் விதி. மரம் திரும்ப வளரும்ல?"

முதலாளி புகைபோக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "அப்ப அது பொகையில்லீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பவர்பாயின்ட்டில் இடமில்லாததால், நம்மவர் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டார். அங்கேதான் அவரையும் அறியாமல் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. கட்டணம் கட்டுவதைத் தவிர அந்தக் கம்பெனியில் யாரும் ரசீதை உற்றுப் பார்த்ததில்லை. எக்செல்லில் ஏற்ற வேண்டுமே என்று, ஃபிட்டரின் நோட்டில் இருந்த அன்றாட மீட்டர் கணக்கையும் வாங்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓர் இயந்திரமும் ஓடவில்லை. ஆனால் ஏர் கம்ப்ரஸர் மட்டும் ஓய்ந்தபாடில்லை. அடுத்த ஞாயிறு ஃபிட்டர் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். லைன் நெடுக 'உஸ்' என்று காற்று போய்க்கொண்டிருந்தது. கிளிப்பும் டெஃப்லான் டேப்பும் வாங்கிச் சுற்றினார். அடுத்த மாத ரசீதைப் பார்த்து முதலாளி வேறு ஏதோ கம்பெனி ரசீது மாறி வந்துவிட்டதாக நினைத்தார்.

நம்மவரின் மொத்தத் தொழில் வாழ்க்கையில் காற்றில் கலக்காமல் தடுத்த அசல் கார்பன் அதுதான். அறிக்கையில் அதற்குக் கிடைத்தது 62-ஆம் பக்கத்து அட்டவணையில் தசமப் புள்ளிக்கு அப்பால் ஓர் இலக்கம். அட்டைப் படத்துக்கு வேப்பங்கன்று வந்துவிட்டது. ஒரே கன்றை ஆறு பேர் பிடித்திருந்தார்கள். அது விழுந்துவிடும் என்று பயந்தார்களா, தாங்கள் விழுந்துவிடுவோம் என்று பயந்தார்களா, படத்தில் தெரியவில்லை.

நம்மவருக்கும் மனசாட்சி உண்டு. அடைத்த கசிவையும் படம் போட்டுவிட வேண்டும் என்று ஃபிட்டருக்குப் போன் செய்தார்.

"அண்ணா, அந்த பைப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க."

"அனுப்பறனுங்க. ஆனா வெறும் பைப்பாத்தான் தெரியும். கசியறப்ப எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். வேணும்னா ஒருக்கா கழட்டி உட்டுப் பாக்கட்டுங்களா?"

நம்மவர் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை.