இடம் விற்பனைக்கு, படிப்பு பிற்பாடு

கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை என்றால் மாணவர்களுக்குத் தெரிந்த வழிகள் சிலதான். வங்கிக் கடன், பகுதி நேர வேலை, நம் பக்கமாக இருந்தால் அம்மாவின் வளையல். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியின் கிரிக்லேட் என்ற சிற்றூரைச் சேர்ந்த அலெக்ஸ் டியூவுக்கு இவற்றில் எதிலும் மனம் ஒட்டவில்லை. 2005 ஆகஸ்டில் அவருக்கு வயது 21. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் படிப்பு தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 1,175 பவுண்டு கட்டணம். அதற்கு மேல் அறை வாடகை, சாப்பாடு, புத்தகம். மூன்று வருடம் இப்படிப் போனால் பட்டத்தோடு கடன் பத்திரமும் கைக்கு வரும். ஓர் இரவு படுக்கையில் நோட்டை விரித்து, மில்லியனர் ஆவது எப்படி என்று எழுதிப் பார்த்தார். கட்டணம் கட்டுவது எப்படி என்று கூட எழுதவில்லை. வணிக நிர்வாகம் படிக்கப் போகிற பையன் அல்லவா!

விடை விசித்திரமானது. ஒரு இணையப் பக்கம். குறுக்கே ஆயிரம் புள்ளி, நெடுக்கே ஆயிரம் புள்ளி, ஆக மொத்தம் பத்து லட்சம் பிக்சல். ஒரு பிக்சல் ஒரு டாலர். யார் வேண்டுமானாலும் வாங்கித் தங்கள் படத்தை ஒட்டிக்கொள்ளலாம். படத்தைத் தட்டினால் அவர்களுடைய கடைக்குப் போகும். பக்கத்தில் வேறு ஒன்றும் கிடையாது. செய்தி இல்லை, பாட்டு இல்லை, சமையல் குறிப்பு இல்லை. விளம்பரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளம்பரத்தையே காட்டும் ஏற்பாடு. செலவு, பெயர் பதிவு எல்லாம் சேர்த்து 50 யூரோ.

ஒற்றைப் பிக்சலை விற்றால் யார் கண்ணிலும் படாது என்பதால் குறைந்தபட்சம் பத்துக்குப் பத்து, அதாவது நூறு டாலருக்கு வாங்க வேண்டும் என்று விதி. அன்றைய கணினித் திரையில் அந்தப் பத்துக்குப் பத்துக் கட்டம் அகலத்தில் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம். நம் ஊர்க் கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரில் மணமக்களுக்குக் கீழே தபால்தலை அளவில் வரிசை வரிசையாக நண்பர்கள் தலைகள் இருக்குமே, அதில் மணமக்களை எடுத்துவிட்டுத் தலைகளை மட்டும் விட்டு வைத்தால் அலெக்ஸின் பக்கம். விலையை ஏன் டாலரில் வைத்தார் என்றால், பவுண்டில் வைத்தால் அதே ஒரு புள்ளி ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையாகிவிடும். தவிர, மில்லியன் டாலர் என்று சொல்லும்போது கிடைக்கிற கம்பீரம் மில்லியன் பவுண்டில் இல்லை.

ஆகஸ்ட் 26 அன்று கடை திறந்தார். முதல் வியாபாரம் ஒரு நண்பர் நடத்திய இசைத் தளம், நானூறு பிக்சல். இரண்டு வாரத்தில் நண்பர்களும் உறவினர்களுமாகச் சேர்ந்து 4,700 பிக்சல் வாங்கினார்கள். எந்த வியாபாரத்துக்கும் முதல் போணி சொந்தபந்தம்தான் என்பது வில்ட்ஷயரிலும் மாறவில்லை.

இங்கேதான் அலெக்ஸின் கெட்டிக்காரத்தனம். வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். படிக்கப் பணமில்லாத மாணவன் புள்ளி விற்கிறான் என்ற செய்தி பிபிசியில் வந்தது. செய்தி வந்ததும் பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் விளம்பரதாரர்கள் வந்தார்கள். விளம்பரதாரர்கள் வந்ததும் அதுவே மறுபடி செய்தியானது. செப்டம்பர் முடிவில் இரண்டரை லட்சம் டாலர். அக்டோபர் முடிவதற்குள் பாதி இடம் விற்றுப்போனது. லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகை இடம் வாங்கியது. ஆரஞ்சு தொலைபேசி நிறுவனம் வாங்கியது. சீட்டாட்டத் தளங்கள் அள்ளிக்கொண்டு போயின. வாங்கியவர்கள் யாரும் அந்த இரண்டரை மில்லிமீட்டரை நம்பி வாங்கவில்லை என்பதுதான் விஷயம். பையனின் கதைக்குள் தங்களுக்கும் ஒரு மூலை இருக்கட்டும் என்று வாங்கினார்கள். ஸ்பான்சர் என்பவர் பெரும்பாலும் இடத்துக்குக் காசு கொடுப்பதில்லை, கதைக்குத்தான் கொடுக்கிறார்.

வருடக் கடைசியில் 9,99,000 பிக்சல் விற்றாகிவிட்டது. மிச்சம் ஆயிரம். அதை ஆயிரம் டாலருக்கு விற்றுவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்திருக்கலாம். 2006 ஜனவரி 1 அன்று ஈபே தளத்தில் ஏலம் விட்டார். ஏலம் ஒரு கட்டத்தில் 1,60,109 டாலருக்கு ஏறியது. ஆயிரம் புள்ளிக்கு இவ்வளவா என்று அலெக்ஸுக்கே சந்தேகம். ஏலம் கேட்டவர்களைத் தாமே தொலைபேசியில் அழைத்து, நிஜமாகத்தான் கேட்கிறீர்களா என்று விசாரித்தார். பலபேர் விளையாட்டுக்குக் கேட்டவர்கள் என்று தெரிந்தது. அந்த ஏலங்களை நீக்கிய பிறகு ஜனவரி 11 அன்று 38,100 டாலரில் முடிந்தது. எடை குறைக்கும் சரக்கு விற்கும் தளம் ஒன்று வாங்கியது. மொத்த வசூல் 10,37,100 டாலர்.

பணம் வந்த இடத்துக்குக் கப்பம் கேட்பவர்களும் வராமல் இருப்பார்களா? ஏலம் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில் மின்னஞ்சலில் ஒரு மிரட்டல்: 5,000 டாலர் கொடு, இல்லாவிட்டால் தளத்தை முடக்குவோம். யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று அலெக்ஸ் விட்டுவிட்டார். தளத்தை நோக்கிப் போலிக் கோரிக்கைகள் வெள்ளமாகப் பாய்ந்தன. அடுத்த மின்னஞ்சலில் விலை 50,000 ஆகியிருந்தது. அவர் கொடுக்கவில்லை, பக்கம் சுமார் ஒரு வாரம் படுத்துவிட்டது. வில்ட்ஷயர் காவல்துறையும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் விசாரணையில் இறங்கின. கட்டணம் கட்டப் போன பையனுக்கு எஃப்பிஐ வரைக்கும் பழக்கம்.

சரி, படிப்பு? அதைத்தான் மறந்துவிட்டோம். அலெக்ஸும் மறந்துவிட்டார். முதல் பருவத்தோடு கல்லூரியை விட்டு வெளியே வந்தார். எந்தப் படிப்புக்காகப் பணம் திரட்டினாரோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டில் வரவேண்டியதை முதல் பருவத்திலேயே செய்துகாட்டிவிட்டதால் வகுப்பில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்திருக்கும் என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அவரைப் பார்த்து உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் பிக்சல் கடை போட்டார்கள். போணியாகவில்லை. இதில் வேடிக்கை, அலெக்ஸே 2006 டிசம்பரில் பரிசுச் சீட்டைச் சேர்த்து இன்னொரு பிக்சல் பக்கம் தொடங்கினார். நினைத்ததில் பாதிகூட விற்கவில்லை. ஏழை மாணவன் என்ற கதையை மில்லியனர் எப்படி இரண்டாம் முறை விற்பது? 2011இல் இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் சும்மா இருங்கள் என்று சொல்லும் ஒரு பக்கத்தைச் செய்தார். கையை வைத்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அடுத்த ஆண்டு மைக்கேல் ஆக்டன் ஸ்மித்துடன் சேர்ந்து 'காம்' என்ற தியானச் செயலியைத் தொடங்கினார். 2019இல் அதன் மதிப்பு நூறு கோடி டாலர். திரையில் ஓர் அங்குல இடம்கூட விடாமல் விளம்பரம் ஒட்டியவர், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கூடுதலாகச் சம்பாதித்தார்.

இடம் வாங்கியவர்கள் கதி என்ன? 2017இல் ஹார்வர்டு சட்ட நூலகத்தைச் சேர்ந்தவர்கள் பக்கத்திலிருந்த 2,816 இணைப்புகளையும் தட்டிப் பார்த்தார்கள். 547 எங்கேயும் போகவில்லை. 489 வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டன. கடை போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது.

அலெக்ஸுக்கு நாலு வருடம் முன்பே அமெரிக்காவில் இரண்டு பேர் இதைவிடத் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். இவர் திரையை விற்றார். அவர்கள் தங்களையே விற்றார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாடன்ஃபீல்டைச் சேர்ந்த கிறிஸ் பாரெட்டும் லூக் மெக்கேபும் பள்ளி முடிக்கும் தறுவாயில் கல்லூரிச் செலவை எண்ணிப் பார்த்து மிரண்டுபோனார்கள். டைகர் வுட்ஸ் தொலைக்காட்சியில் நைக்கித் தொப்பியோடு வருகிறார், தொப்பி போட்டதற்கே அவருக்கு மில்லியன் கணக்கில் கிடைக்கும்; நாமும் தொப்பி போடுவோமே என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. டைகர் வுட்ஸ் இடையில் கொஞ்சம் கோல்ஃபும் ஆடுவார் என்பதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையிலும் அலைச்சறுக்குப் பலகையிலும் விளம்பர இடம் காலி என்று காட்டும் படங்களோடு ஒரு இணையதளம் திறந்து, எங்களைப் படிக்க வையுங்கள், உங்கள் சின்னத்தைச் சுமக்கிறோம் என்றார்கள்.

ஆள் கிடைத்தது. 2001இல் ஃபர்ஸ்ட் யுஎஸ்ஏ என்ற கிரெடிட் கார்டு நிறுவனம் இருவரின் முதலாண்டுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு அவர்கள் நிறுவனச் சின்னம் போட்ட உடையில் திரிய வேண்டும். பணத்தைச் சிக்கனமாகக் கையாள்வது எப்படி என்று மற்ற மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டுக்காரர் சிக்கனத்துக்கு ஆள் பிடித்த அதிசயம் அது. கிறிஸ் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்கும் லூக் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். 2003இல் வந்த 'தி கார்ப்பரேஷன்' ஆவணப்படத்தில் இருவரும் உட்கார்ந்து சிரித்த முகமாகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நிறுவனங்கள் மனிதர் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்று காட்டுவதற்கு எடுத்த படம் அது. விளம்பரம் விளம்பரம்தான்.

சின்னம், புள்ளி, தொப்பி எதுவும் இல்லாமல் இந்தக் காரியத்தைச் சாதித்தவர் ஒருவர் உண்டு. 1987இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்த மைக் ஹேஸ். அவருக்குத் தேவை 28,000 டாலர். 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையில் பத்தி எழுதிவந்த பாப் கிரீனிடம் போய், உங்கள் வாசகர்கள் ஆளுக்கு ஒரு சென்ட் அனுப்பச் சொல்லுங்கள் என்றார். 28 லட்சம் பேர் அனுப்பினால் முடிந்தது கணக்கு. ஒரு சென்டுக்காக யார் யோசிக்கப்போகிறார்கள் என்பது மைக்கின் நம்பிக்கை. அந்த ஒரு சென்டை உறையிலிட்டு அனுப்ப அன்றைக்கு 22 சென்ட் தபால்தலை ஒட்ட வேண்டும் என்பதை அமெரிக்க வாசகர்களும் யோசிக்கவில்லை. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. 28 லட்சம் நாணயங்களும் நாணயமாகவே வந்திருந்தால் எடை ஏழு டன். நல்லவேளை, பலர் கூடப் போட்டும் காசோலையாகவும் அனுப்பினார்கள். தேவைக்கு மேலேயே சேர்ந்தது. மைக் 1991இல் உணவு அறிவியலில் பட்டம் வாங்கினார்.

இதைப் படித்துவிட்டு எந்த மாணவருக்காவது புள்ளியோ தொப்பியோ விற்கிற யோசனை வந்திருந்தால், முதலில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் அது நேற்றாக இருக்கும்.