கொசுவுக்கு நீ புது ஆளு

வா தம்பி, உக்காரு. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் வந்திருக்க. நீ தேரைப் பாத்தியோ இல்லியோ, ஊர்க் கொசு ஒன்னப் பாத்திருக்கும்.

அது மேல கோவப்படாத. ஐப்பசி கார்த்திகையில பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம்னு எல்லாத் தண்ணியும் இந்தப் பக்கமாத்தான் கடலுக்குப் போவுது. போற போக்குல பள்ளத்துல தேங்கும். ஒரு வாரம் பத்து நாள் தேங்கினாப் போதும், முட்டை கொசுவாயிடும். பாண்டிச்சேரியில கொசுவ ஆராயறதுக்கின்னே 1975ல மத்திய அரசு நிலையம் வந்துச்சு. ஆராய்ச்சி அங்க, கடி இங்க.

நெய்வேலிச் சுரங்கம் மாதிரி கொசுவுக்கும் ஷிப்ட்டு உண்டு. டெங்கு கொசு பகல்ல கடிக்கும், யானைக்கால் கொசு ராத்திரி. அதனால சாமி கும்புடப் போறப்பவே முழுக்கைச் சட்டை போடு. ராத்திரி ஃபேன வேகமா வச்சிப் படு. காத்தை எதுத்துப் பறக்க அதுக்குத் தெம்பு கெடயாது. கரண்டு போச்சின்னா? கொசுவலை வாங்கிக் கட்டு. ஓரத்தைப் பாயிக்கு அடியில சொருவறதுக்கு முன்ன உள்ள பாத்துக்க. ஒரு கொசு முன்னாடியே உக்காந்திருந்தா, நீ கட்டினது வலை இல்ல, அதுக்குப் பந்தி.

கையில என்னா, ஸ்ப்ரே டப்பாவா? கதவ மூடி அத அடிச்சா, கொசுவுக்கு முன்ன நீ மயங்குவ. மூட்டப்பூச்சிக்குப் பயந்து வூட்டைக் கொளுத்தாத.

அதான், மூட்டப்பூச்சி! லாட்ஜில ரூம் போட்டதும் பொட்டியத் தூக்கி மெத்தையில வைக்காத. மெத்தைத் தையல்லயும் கட்டில் சந்துலயும் டார்ச் அடிச்சிப் பாரு. பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி இருந்தா ரூம மாத்து. பக்கத்து ரூம் வேணாம், சுவத்துச் சந்து வழியா அதுவும் அங்க வந்துடும். மாசக்கணக்குல பட்டினி கெடக்கற ஜீவன் அது. எங்க வூட்டுக் கெழவியோட ஏகாதசி விரதம் அதுகிட்ட நிக்காது.

பண்ருட்டி முந்திரியத் தலைமாட்டுல பிரிச்சி வச்சிட்டு, எறும்பு வருதுன்னு எங்கிட்ட வராத. டப்பாவுல போட்டு மூடு. ஊருக்குப் போனதும், ஒட்டிக்கிட்டு வந்த மூட்டப்பூச்சி சாவறதுக்குத் துணியெல்லாம் நல்லா கொதிக்கிற தண்ணியில ஊறப்போடு.

இவ்வளவு சொன்னதுக்குக் கூலியா? சீச்சீ, காசு வேணாம். போறப்ப அந்தப் புதுக் கொசுவலைய மட்டும் இங்க வச்சிட்டுப் போ. எங்க வலையில ஓட்டை.