சட்ஜம் கிடக்கட்டும், கீர்த்தனைக்குப் போ

அம்மாடி, நீ பாட்டு டீச்சர் ஆயிட்டியாமே! திண்ணை வரைக்கும் சேதி வந்துடுச்சு. கேக்காதவங்களுக்கும் யோசனை சொல்றது நமக்குப் பரம்பரைத் தொழில். உக்காரு.

பிள்ளைக்குக் காது நிக்குதா, சுருதி சேருதான்னெல்லாம் பாக்காதே. நவராத்திரிக்கு எத்தனை நாள் இருக்குன்னு பாரு. கொலுவுக்கு வர்றவங்க முன்னாடி மவ ஒரு கீர்த்தனை பாடிட்டா அவ ஆத்தாளுக்குப் போதும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்புறம் மலஹரியில கீதம்னு புரந்தரதாசர் படி கட்டி வச்சாரு. அவரு 1564-லயே போய்ச் சேந்துட்டாரு, வந்து கேக்கவா போறாரு?

மனுசன் விவரமானவருதான். 72 மேளத்துல 15-வதா நிக்கிற மாயாமாளவகௌளையைப் போயி எடுத்தாரு பாரு. ச-வும் ரி-யும் ஒட்டி நிக்கும். ரி-யிலேருந்து க-வுக்கு ஒரே தாவு. க-வும் ம-வும் மறுபடி ஒட்டிக்கும். மேல ப, த, நி, ச-வுலயும் அச்சு அசலா அதே கணக்கு. பாதி கத்துக்கிட்டவனுக்கு மீதியும் வந்துடும். குலுக்கல் நெளிசல் இல்லாம ஒவ்வொரு சுரத்துலயும் நேரா நின்னும் பழகலாம். இவ்வளவு சுளுவாச் சொல்லிக் கொடுத்தா உனக்கு எவன் மாசாமாசம் பீஸ் கட்டுவான்?

சுருதிப் பொட்டியை உன் தொண்டைக்குத் தோதா அஞ்சரைக் கட்டையில வச்சுக்க. பாங்கியில ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு வர்றாராமே, அவரையும் அதுலயே ஏத்து. அந்த மனுசனுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைதான் தாங்கும். மேல் சட்ஜத்துக்குப் போறப்ப கழுத்து நரம்பு புடைச்சு, கண்ணு பிதுங்கி, முட்டியில ஊனிக்கிட்டு எந்திரிச்சே நின்னுடுவாரு. பக்தின்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம். மீசை அரும்புற பய ஒருத்தனுக்கு மகரக்கட்டு உடையுதுன்னு கேள்விப்பட்டேன். அவனையும் சும்மா விடாதே, நல்லா கத்தச் சொல்லு. தொண்டை போனா மிருதங்கம் இருக்கு.

தாளத்துக்கு வருவோம். நேத்து உன் ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒட்டுக் கேக்கலை, ஆட்டைத் தேடி வந்தேன். ஒரு வாண்டு தொடையில ஒரு தட்டு தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்னு எண்ணி, அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, எட்டையும் அழகாப் போட்டுச்சு. ரெண்டாங்காலம்னு நீ சொன்னியோ இல்லையோ, பாட்டோட கையும் சேந்து ஓட ஆரம்பிச்சிருச்சு! கை அதே நடையில நிக்கணும், வாய் மட்டுந்தான் இரட்டிக்கணும். அதைத் திருத்தாம நீயும் கூடவே உரக்கப் பாடினே பாரு, அங்கதான் என் மருமவ நிக்கிறா. உன் குரலே ரூமை ரொப்பிட்டா, அது தன் குரலு எங்க இருக்குன்னு எப்படித் தேடும்? தேடாட்டி என்ன, உனக்குக் கச்சேரி ஆன மாதிரியும் ஆச்சு.

வேற ஒரு பிள்ளையை, குரல் சரியில்லை, கீபோர்டுல சேத்துக்கன்னு திருப்பி அனுப்பிட்டியாம். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கும் சின்ன வயசுல தொண்டை முரண்டு பிடிச்சுச்சு. உனக்குப் பாட்டு ஒத்து வராது, பிடிலு கத்துக்கன்னு யோசனை சொன்ன ஆளும் உண்டு. 1947-ல அவருக்கே சங்கீத கலாநிதி கொடுத்தாங்க. நல்லவேளை, அவரு உன் வீட்டு வாசப்படி மிதிக்கலை.

என்ன மூஞ்சி தொங்குது? நான் உன்னைய ஒண்ணும் சொல்லலையே. தம்பூராவைப் போட்டுட்டு அஞ்சு நிமிசம் அகாரத்துல வெறும் ச மட்டும் பிடிக்க விடு, நீ வாயை மூடிக்கிட்டுக் கேளுன்னு சொன்னா, கிழவனுக்கு என்ன தெரியும்பே. அதான் சொல்லலை.

திங்கக்கிழமையிலேருந்து எங்க வீட்டுச் சின்னவனையும் அனுப்பி வைக்கிறேன். பாட்டு வருதோ இல்லையோ, மத்தியானம் ஒரு மணி நேரமாவது நாங்க கண்ணசரணும். பீஸை அவங்கப்பன்கிட்ட வாங்கிக்க. எனக்கு யோசனைக் கூலி ஒரு டம்ளர் காப்பி, சர்க்கரை தூக்கலா.