மின்வெட்டுக்குப் பின் வீட்டுச் சர்வர்: இரங்கலும் இருத்தலும்

டிவி ஸ்டாண்டுக்கு அடியில் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டுக் கோப்புகளைக் காக்கும் சர்வர், சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனபின் எங்ஙனம் மீள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராயப் புகுகிறது. பழைய இலக்கணிகள் இப்பொருள்மேல் நூற்பா செய்திலர். எனினும் முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வகுத்த முறை இங்கும் இடறாமல் பொருந்துகிறது. நிலம், ஸ்டாண்டின் கீழ்த்தட்டு. பொழுது, கோடைமழைக்குச் சற்று முந்திய மாலை. கருப்பொருள்: தூசி, பல்லி, எதற்கென்று யாருக்கும் தெரியாத நான்கு அடாப்டர்கள். உரிப்பொருளில்தான் சிக்கல். கரண்ட் போனதும் நெய்தலுக்குரிய இரங்கல். வந்ததும் முல்லைக்குரிய இருத்தல், அஃதாவது பொறுத்திருத்தல். வந்த பிறகும் இரங்கலிலேயே நின்று கைவைக்கும் குடும்பத் தலைவரால்தான் கோப்புகள் பெரிதும் அழிகின்றன என்பது நம் துணிபு.

முதற்கண் ஒரு பழியைத் துடைக்க வேண்டும். கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் தட்டின்மேல் விழுந்து கீறிவிடும் என்பர் ஒரு சாரார். இக்கால டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும் தட்டு, மின்சாரம் நின்றாலும் உடனே நிற்பதில்லை. அந்த மிச்சச் சுழற்சியில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடுகிறது. அதில் பிறக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு ஹெட் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது. காதைக் கொடுத்தால் ‘டக்’ என்று கேட்கும். தெருவே இருண்ட நொடியில் தன் கரண்ட்டைத் தானே தயாரித்துக்கொள்வது அது ஒன்றே. (மாடிவீட்டு ஜென்செட்டைச் சேர்க்கவில்லை, அதற்கு டீசல் ஊற்ற வேண்டும்.)

ஆகவே கேடு இரும்பில் இல்லை, எழுத்தில் உள்ளது. மலிவான டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்தால் ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும் என்று பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் பெர்க்லியிலிருந்து 1988-இல் எழுதினர். அதுவே ரெய்டு. ஆனால் ஒன்று சாவது வேறு, எல்லாம் ஒரே நொடியில் பாதி வாக்கியத்தில் மூர்ச்சையாவது வேறு. ஒரு டிஸ்க்கில் புதுத் தரவு ஏறிவிட்டது. இன்னொன்றில் அதற்கான பாரிட்டி, அதாவது இழந்ததை மீட்க வைத்த சரிபார்ப்புக் கணக்கு, பழையதாகவே நிற்கிறது. இரண்டில் எது பொய் என்று பெட்டிக்குத் தெரியாது. இதற்கு ‘ரைட் ஹோல்’ என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், பழையதன்மேல் எழுதாமல் வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுவதால் இக்குழியில் விழுவதில்லை.

‘வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்பது மாற்றார் கூற்று. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட். சாதாரண மோடில் உள்ள இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கலாம். ஃபேனுக்கு இது உறைப்பதில்லை, சர்வருக்கு உறைக்கும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடுக்கென்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அது பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

இனி மீட்பு. வந்த கரண்ட்டை நம்பலாகாது. அது வரும், போகும், மறுபடி வரும். டிஸ்க் அதிகக் கரண்ட்டை இழுப்பதோ சுழலத் தொடங்கும் கணத்தில். எனவே பிளக் பாயின்ட்டை அணைத்துவிட்டு ஒரு காபி குடிக்கும் நேரம் இருப்பது மரபு. பிறகு போட்டால் சில பெட்டிகள் இன்றைய தேதியையே மறுக்கும். உள்ளே சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்; பல ஆண்டு பின்னோக்கிப் போய்விட்ட சர்வர், இணையச் சான்றிதழ் எதுவும் இன்னும் செல்லத் தொடங்கவில்லை என்று சாதிக்கும். கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓடி முடிந்தால், பெயரிழந்த கோப்புகள் ‘லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்’ என்னும் அடைக்கல ஃபோல்டரில் வெறும் எண்ணோடு வந்து சேரும். பேரனின் காதுகுத்து வீடியோ இப்போது #131087.

அடுத்தது ரீசிங்க், அதாவது ரெய்டு டிஸ்க்குகளை மீண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்தல். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் முழுக்கப் படிக்கச் சுமார் 15 மணி நேரம் ஆகும். இருத்தல் என்று முன்னோர் சொன்னது இதையே. இங்குதான் ‘அப்பா, ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்’ என்ற குரல் எழும். இதே நேரத்தில்தான் ‘ஃபோர்ஸ்’ சேர்த்த கட்டளைகளும் கைக்கு அகப்படும். ஃபோர்ஸ் என்பது பெட்டியின் சந்தேகத்தைத் தீர்ப்பதன்று, அதன் வாயை அடைப்பது. படிக்க மட்டும் திறந்து, முக்கியமானதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே பழுதுபார்த்தல் முறை.

யுபிஎஸ் வாங்கியோர் இவ்வாய்விலிருந்து தமக்கு விலக்குக் கோருவர். சர்வருக்குச் சொல்லாத யுபிஎஸ், வீழ்ச்சியைச் சில நிமிடம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. பேட்டரி தீரப்போகிறது என்ற செய்தி யூஎஸ்பி கேபிள் வழியாகப் போனால்தான் சர்வர் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். அந்தக் கேபிள் யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியில், பிரிக்காத பாலித்தீன் உறையில் உள்ளது. பெட்டி பரணில், கொலுப் பொம்மைகளுக்குப் பின்னால்.