கோளாறு ரேடியோவிலா, காதிலா?

கேள்வி: இத்தாலியின் ஃபிராங்கோ பத்தியாத்தோவை மேதை என்கிறார்கள். அவருடைய எழுபதுகளின் ஆல்பங்களைப் போட்டால் ரேடியோ பழுதானதுபோல் இருக்கிறது. கோளாறு யாரிடம்?

பதில்: இருவரிடமும் இல்லை; நீங்கள் தேடுவது பாட்டு, அவர் தேடியது ஒலி. 1972-ல் வந்த 'ஃபேத்துஸ்' ஆல்பத்தை எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்குச் சமர்ப்பித்து, விசிஎஸ்3 சிந்தசைசரைக் கதாநாயகனாக்கினார். அதில் மெட்டு இன்னும் மிச்சமிருந்தது. பிறகு ஆல்பத்துக்கு ஆல்பம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். 1978-ல் 'லெஜித்தோ ப்ரீமா தெல்லே சாப்பியே' வந்தபோது, ஒரு பக்கம் முழுக்க ஒரே பியானோ ஸ்வரக்கோவை, இடையிடையே மௌனம், அவ்வளவுதான். அதற்கு இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பெயரிலான பரிசும் கிடைத்தது.

"பாட்டுப் போடத் தெரியாதவரின் சாக்கு இது" என்பீர்கள். 1981-ல் அவர் வெளியிட்ட 'லா வோச்சே தெல் பத்ரோனே' பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் இத்தாலிய ஆல்பம் என்று கொண்டாடப்படுகிறது. தெரியாதவர் செய்கிற காரியமா அது? "அப்படியானால் காசுக்கு விலைபோனார்" என்பது அடுத்த ஆட்சேபம். அதுவும் நிற்காது. அந்த வெற்றிப் பாடல்களில் ஒரு ஸ்வரம்கூட அனாவசியமில்லை. ஒரே கோவையைப் பதினான்கு நிமிடம் உற்றுக் கேட்டவருக்குத்தான் அந்தச் சிக்கனம் வரும். ஜனரஞ்சக இசைக்குள் ஆன்மிகச் சிந்தனையாளர் குர்ஜீஃபின் தத்துவத்தைக் கடத்திவந்து, ஊரையே ஆடவைத்த துணிச்சலும் பழைய கிறுக்கின் தொடர்ச்சியே. ஆகவே 1981-லிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். 1978-ஐ எட்டியதும் ரேடியோவைத் தட்டாதீர்கள்!