வில்லன் வருகிறார், ஸ்வரம் பராக்!

கேள்வி: வில்லன் திரையில் தலைகாட்டும் முன்பே வயிற்றைக் கலக்குகிறதே, இசையில் அப்படி என்னதான் கலக்கிறார்கள்?

பதில்: ‘ஸ்டார் வார்ஸ்’ டார்த் வேடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980 படத்தில் ஜான் வில்லியம்ஸ் அவருக்குப் போட்ட மெட்டு, ஒரே ஸ்வரத்தை மூன்று தடவை தட்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. இதை எல்.கே.ஜி. குழந்தைகூடப் பாடிவிடும். விஷமெல்லாம் அடியில் ஓடும் ஹார்மனியில்! ஜி மைனர் கார்டை அடுத்து இயல்பாக வரவேண்டியது ஈ ஃப்ளாட் மேஜர். வில்லியம்ஸ் அதையும் மைனராக்கிவிட்டார். ஸ்கேலுக்குச் சம்பந்தமே இல்லாத ஜி ஃப்ளாட் அழைக்காமல் உள்ளே நுழைய, காது திடுக்கிடுகிறது. காரணம் தெரியாமல் நாமும் நாற்காலிக் கைப்பிடியைத் தேடுகிறோம்.

1983 படத்தில் வேடர் சாகும்போது டிரம்பெட், டிரோம்போன் ஆரவாரமெல்லாம் அடங்கி, அதே மெட்டு மெதுவாக வந்து ஹார்ப்பில் முடியும். அத்தனை அட்டூழியம் செய்த மனுஷனுக்காக நாம் மூக்கை உறிஞ்சுவோம்!

1999 படத்தில் இன்னும் குசும்பு. பின்னாளில் வேடராகப்போகும் சிறுவன் அனகினுக்கு வில்லியம்ஸ் இனிப்பாக ஒரு மெட்டுப் போட்டு, அதன் வாலில் இந்த வில்லன் மெட்டைச் சொருகிவிட்டார். பையன் பெரியவனாகி என்ன ஆவான் என்பதை எந்த ஜோசியரும் இவ்வளவு பச்சையாகச் சொல்லமாட்டார், தட்சிணை போய்விடுமே!