ஒளி வள்ளல்கள்

நெல்லிக்குப்பம் பக்கத்து இருவழிச் சாலையில் இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். வள்ளல்கள் பவனி வருவார்கள். தன் பாதை தெரிந்தால் போதும் என்கிற கஞ்சத்தனம் அவர்களிடம் கிடையாது. எதிரே வருகிறவன் கண்ணுக்குள்ளும் அள்ளி ஊற்றுவார்கள். கம்பெனி வைத்துக் கொடுத்த ஹெட்லைட் கௌரவக் குறைச்சல் என்பதால் பம்பர் மேல் எல்இடி பட்டை, அதற்கு மேல் சாமி படம், சாமியைச் சுற்றி இன்னும் நாலு விளக்கு. டிம் பண்ணச் சொல்லி நாம் விளக்கைச் சிமிட்டிக் கெஞ்சினால், மிச்சம் வைத்திருந்த ஒன்றையும் போட்டுக் காட்டுவார்கள்.

வண்டி கடந்த பிறகும் சில விநாடிக்குக் கண் இருட்டு. வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் தெளிய இன்னும் நேரமாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் சுமார் 67 மீட்டர். அந்த 67 மீட்டரில்தான் பின்விளக்கில்லாமல் கரும்பு டிராக்டர் நிற்கும். இரண்டு வண்டிகளின் வெளிச்சத்துக்கு நடுவே சாலையைக் கடக்கிறவரோ, நிற்கிற இடத்திலேயே மாயமாகிவிடுவார்.

சட்டம் இல்லையா? அளவுகோலோடு இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது: 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் தாழ்ந்து விழ வேண்டும். கண்ணின் உயரம்வரை அளந்த மகான்கள் சோதனையை மட்டும் பட்டப்பகலில் வைத்தார்கள். எஃப்.சி.க்குப் போகிற லாரி முந்தின நாளே அலங்காரத்தைக் கழற்றிவிட்டுத் துறவியாக வந்து நிற்கும்; சான்றிதழ் கைக்கு வந்ததும் நேரே எலக்ட்ரீஷியன் கடை. ராத்திரிச் சோதனையில் பைக்கில் வருகிறவனை ஊதச் சொல்கிற காவலரோ, தன் கண்ணையே பறிக்கிற அந்த விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு “போ, போ” என்கிறார்.

ஊருக்குள் வந்தால் நகைக்கடைக்காரர் பங்கு. சிக்னலுக்கு மேல் ஆளுயர எல்இடி திரையில் மணப்பெண் ஜொலிப்பாள். அவளைத் தாண்டினால் தெருவிளக்குகூட எரியாது.

கண் கூசி மோதியவன் மேல் வழக்கு உடனே பதிவாகும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’. வெளிச்சத்துக்கு டயர் தடம் கிடையாது, குருடாக்கியவர் எஃப்.ஐ.ஆரில் எங்கும் இல்லை. அவர் அதற்குள் டோல்கேட் தாண்டியிருப்பார். துக்கம் கேட்க வருகிறவர்களும் தம் பங்குக்குச் சொல்வார்கள், “கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்.”

எதைக் கொண்டு பார்ப்பது?